கிட்டங்கிச் செங்கல்

போன வாரம் கடைக்கு ஒருவர் வந்தார். ஆனைக்குட்டத்துக்காரர். இளம் வயது. வீடு கட்டப் போகிறாராம்.

“அண்ணாச்சி, சிமெண்ட், கம்பி எல்லாம் உங்ககிட்டயே எடுத்துக்கிடுதேன். செங்கல் மட்டும் வேண்டாம். ஒரு பழைய கட்டடத்த இடிக்காக. கல்லு அம்புட்டும் முழுசா வருது. ரெண்டத் தட்டிப் பாத்தேன்... மணி மாதிரிச் சத்தம்!”

கடையில் நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. கேட்டதை எடுத்துக் கொடுப்பேன், பில் போடுவேன், அவ்வளவுதான். இந்தப் பத்தியில் இத்தனை பேசுகிறவன் நேரில் இப்படி ஊமையாக இருக்கிறானே என்று சில வாசகர்கள் வந்து பார்த்து ஏமாந்து போயிருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு என்னவோ, வாய் தானாகத் திறந்துவிட்டது.

“அந்தக் கட்டடத்துக்குள்ள முன்னால என்ன வச்சிருந்தாக?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“எதுக்குக் கேக்கீக? பேய் கீய் இருக்கும்னா?”

பின்னால் சுண்ணாம்பு நிறுத்துக்கொண்டிருந்த எங்கள் ஆள் சிரித்துவிட்டார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

“பேய் இருந்தாப் பரவாயில்ல. என்ன சரக்கு இருந்துச்சுன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க.”

சரி என்று போயிருக்கிறார். இன்னும் வரவில்லை.

பித்துக்குளித்தனமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்காமல் விட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். கொஞ்சம் நன்றாகவே தெரியும் — அந்தக் குடும்பத்தில்தான் என் அக்காமார் இரண்டு பேரையும் கொடுத்திருக்கிறோம்.

பெரியவள் சொர்ணக்கா. சின்னவள் பாக்கியக்கா. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு அக்கா தங்கை இரண்டு பேர். ஒரே பந்தல், ஒரே மேளம், ஒரே சமையல். அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருப்பார்கள், ஒருத்திக்கு ஒருத்தி துணை என்று எங்கள் அம்மாவுக்கு அத்தனை நிம்மதி.

பெரிய அத்தான் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்துச் சரக்கு பார்த்து எடுப்பவர். வெடியுப்பு லோடு வந்து இறங்கினால் மூட்டையில் கையை விட்டு, ஒரு பொட்டு எடுத்து நாக்கில் வைப்பார். கண்ணை மூடுவார். நல்ல வெடியுப்பு என்றால் நாக்கு ஜில்லென்று குளிர்ந்து போகுமாம். சாதா உப்பு கலந்திருந்தால் அந்தக் குளிர்ச்சி இருக்காதாம். “கலப்படம். திருப்பி ஏத்துங்க” என்றால் மறுபேச்சு கிடையாது. அவர் நாக்கைக் கம்பெனி அத்தனை நம்பியது.

சின்ன அத்தான் பிரஸ்ஸில் வேலை. பட்டாசு லேபிள் அச்சடிக்கிற பிரஸ்.

இவர்கள் அப்பா காலமானதும் வீட்டைப் பாகம் பிரித்தார்கள். சண்டையில் பிரியவில்லை, பிரியமாகத்தான் பிரிந்தார்கள். சேர்ந்தே இருந்தால் நாளைக்கு ஏதாவது வரும், இப்போதே நடுவில் ஒரு சுவர் வைத்துக்கொண்டால் பாசம் அப்படியே இருக்கும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அது நியாயமாகத்தான் பட்டது. நாமும் இப்படித்தானே செய்கிறோம்?

அந்தச் சமயம் பார்த்து ஊருக்கு வெளியே ஒரு பழைய வெடியுப்புக் கிட்டங்கியை இடித்தார்கள். வெளியூர் வாசகர்களுக்கு — கிட்டங்கி என்றால் சரக்கு அடைத்து வைக்கிற கோடவுன். அண்ணனும் தம்பியும் சேர்ந்தே போய்ப் பார்த்தார்கள். சேர்ந்தே வண்டி பிடித்தார்கள். சேர்ந்தே கல் ஏற்றினார்கள். என் கடையைத் தாண்டித்தான் வண்டி போக வேண்டும். இரண்டு பேரும் சட்டையெல்லாம் செங்கல் தூசியோடு வண்டியில் உட்கார்ந்து வந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

“மாப்ளே, இங்கன வாங்க! இந்தக் கல்லப் பாருங்க. நீங்க விக்கீகளே, அதெல்லாம் கல்லா? இது அந்தக் காலத்து வேலைப்பாடு. குண்டு போட்டாலும் நிக்கும்” என்றார் சின்ன அத்தான்.

“எங்க மாப்ள கடையில நின்னுக்கிட்டே இப்படிச் சொல்லுதியே, உனக்கு வெக்கமா இல்லியாலே?” என்றார் பெரிய அத்தான், சிரித்துக்கொண்டே. ஆளுக்கொரு கல்லை எடுத்துத் தட்டிக் காட்டினார்கள்.

கிண்ணென்று சத்தம் வந்தது. நானும் தலையை ஆட்டினேன்.

பொய்யில்லை, அது நல்ல கல்தான். ஒரு செங்கல் நல்லதா என்று பார்க்க நான்கு வழி சொல்வார்கள். இரண்டைத் தட்டினால் மணிச்சத்தம் கேட்க வேண்டும். நன்றாக வெந்த கல் என்று அர்த்தம். நெஞ்சு உயரத்தில் இருந்து தரையில் போட்டால் உடையக் கூடாது. நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. தண்ணீரில் ஊறப்போட்டால் அளவாகத்தான் குடிக்க வேண்டும். கிட்டங்கிக் கல் முதல் மூன்றிலும் பாஸ்.

நான்காவதில்தான் சங்கதி இருக்கிறது. எவ்வளவு நன்றாக வெந்தாலும் செங்கல் கொஞ்சமாவது குடிக்கும். எதைக் கொடுத்தாலும் குடிக்கும். உப்புத் தண்ணீரைக் கொடுத்தால் உப்பையும் சேர்த்துக் குடித்துவிட்டுப் பேசாமல் இருக்கும். வெயிலில் தண்ணீர் மட்டும் ஆவியாகப் போகும். உப்பு உள்ளேயே உட்கார்ந்திருக்கும்... அடுத்த மழை வரைக்கும்.

அந்தக் கிட்டங்கியில் எத்தனை வருஷம் வெடியுப்பு மூட்டை அடுக்கியிருந்தார்களோ! மழைக்கு ஒழுகி, மூட்டை கசிந்து, சுவர் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இடித்த அன்றைக்கு நல்ல கோடை. கல் எல்லாம் எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது. யாருக்குச் சந்தேகம் வரும்?

சுவர் எழும்பியது. நடுவில் ஒரு சின்ன வாசல் விட்டார்கள். கதவு கிடையாது, வெறும் வாசல். அக்காவும் தங்கையும் போக வர.

அந்த வாசலை அதிகம் பயன்படுத்தியது சரோஜா. பாக்கியக்காவின் ஒரே மகள். சொர்ணக்காவுக்குப் பிள்ளை இல்லை. அதனால் சரோஜா பிறந்தது ஒரு வீடு, வளர்ந்தது ஒரு வீடு. பெரியம்மா தலை பின்னினால்தான் பள்ளிக்கூடம் போவாள். பெரியம்மா பக்கத்தில்தான் தூங்குவாள். அவளுடைய சீப்பு, ரிப்பன், பவுடர் டப்பா எல்லாம் சொர்ணக்கா வீட்டு மாடக்குழியில் இருக்கும்.

“எலே தம்பி, இவ என் மகளா, அக்கா மகளா? கேட்டுச் சொல்லுடா” என்று பாக்கியக்கா கேலி பண்ணுவாள். குறையாகச் சொன்னதில்லை. அப்போது சொன்னதில்லை.

முதல் ஐப்பசி மழையில் சுவர் வியர்த்தது.

இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு ஈரம். கையை வைத்தால் பிசுபிசுவென்று இருக்கும். தை பிறந்து வெயில் ஏறியதும் ஈரம் போனது; அந்த இடத்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பூத்தது. பூத்த இடமெல்லாம் பூச்சு உப்பி, பொரிந்து, உதிர்ந்தது. அடித்த வெள்ளை நிற்கவில்லை.

நம் ஊர்ப் பக்கம் சுவரில் உப்புப் பூப்பது அதிசயமா? உவர் மண், சப்புத் தண்ணீர். வீட்டுக்கு வீடு இருக்கிறதுதான். தரையிலிருந்து ஏறுகிற உப்பு என்று முதலில் விட்டுவிட்டார்கள். ஆனால் மற்ற மூன்று சுவரும் சுத்தமாக நிற்கிறதே? நடுச்சுவர் மட்டும் ஏன்?

அந்தக் கேள்விக்கு இரண்டு பக்கமும் ஒரே பதில்தான் கிடைத்தது. அந்தப் பக்கத்துக்காரன்!

“தம்பி, அவ வேணும்னே சுவத்த ஒட்டித் துவைகல்லப் போட்டிருக்கா. விடிஞ்சா எந்திரிச்சா தொப்பு தொப்புனு துவைக்கா. தண்ணி அம்புட்டும் என் பக்கம் எறங்குது” என்றாள் சொர்ணக்கா.

நான் நடுவாசல் வழியாகப் பாக்கியக்கா வீட்டுக்குப் போனால் —

“துவைகல்லா? நான் அத எடுத்து மாசக்கணக்காச்சு, போய்ப் பாரு. அக்காதான் அந்தப் பக்கம் சுவத்தோரமா தண்ணித் தொட்டி வச்சிருக்கா. அது கசியுது. சொன்னாக் கோவம் வேற. எனக்கு அக்காவத் தெரியாதா தம்பி? சின்ன வயசுலயே பாதிக் கொழுக்கட்டைய ஒளிச்சு வச்சவதான!”

கொழுக்கட்டை வரைக்கும் போய்விட்டது பாருங்கள். ஒரு சுவர் நனைந்ததற்கு!

பெரிய அத்தான் ஒரு நாள் கடைக்கு வந்தார். சிமெண்ட் அப்போது பர்மிட் வாங்கித்தான் எடுக்க வேண்டும். பர்மிட்டோடு வந்திருந்தார்.

“மாப்ளே, என் பக்கம் மட்டும் சிமெண்ட் பூசிரப் போறேன். அவன் என்ன தண்ணி விட்டாலும் இங்கிட்டு வராதுல்ல?”

“வராது அத்தான்” என்றேன். வராதுதான். சிமெண்டின் குணம் அது. சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். உள்ளே இருக்கிற ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே அனுப்பும், தானும் கூடவே உதிர்ந்துகொள்ளும். சிமெண்ட் இறுகிவிட்டால் விடாது. ஆனால் சுவருக்குள் இருக்கிற ஈரம் எங்கேதான் போகும்? அடைத்த பக்கம் வழியில்லை என்றால் அடைக்காத பக்கம் போகும்.

அந்த வருஷ மழையில் பெரிய அத்தான் பக்கம் பொட்டு ஈரமில்லை. சின்ன அத்தான் பக்கம் இரண்டு மடங்கு.

அவர் என்ன நினைப்பார்? நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

அப்போது தீபாவளி சீசன் முடிகிற நேரம். ஒரு கம்பெனிக்குக் கடைசி ஆர்டர் லேபிள். பிரஸ்ஸில் இடமில்லாமல் தாள்கட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து அந்தச் சுவரோரம் அடுக்கியிருந்தார். மழை பிடித்தது. எடுத்துப் பார்த்தால் சிவப்பும் பச்சையும் ஒன்றோடொன்று இழுகி, தாள் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் கிழிகிறது. ஆர்டர் போயிற்று. பிரஸ்ஸில் எல்லோர் முன்னாலும் பேச்சு வாங்கினார்.

“சிமெண்ட்ட பூசிட்டு, அந்தப் பக்கம் நின்னு கொடம் கொடமா ஊத்தியிருக்கான் மாப்ளே. கூடப் பொறந்தவன் செய்த வேலையா இது?” என்று கடையில் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. கோபத்தைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“நல்ல கல்லாக் குடுங்க. அந்த வாசல அடைக்கணும்.”

தட்டிப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். புதுச் சூளைக் கல். ஈரப்பதம் பார்த்து, மூலை உடையாததாக.

பட்டாசுக் கம்பெனிகளுக்கு மருந்து ரூம் கட்ட நான் நிறையச் சரக்கு கொடுத்திருக்கிறேன். சின்ன ரூமாக இருந்தாலும் எதிரும் புதிருமாக வாசல் வைப்பார்கள். ஏதாவது ஒன்று ஆனால் ஆள் தப்பிக்க ஒரு வழி இருக்க வேண்டும், ஒரு பக்கம் தீ என்றால் மறுபக்கம் ஓட வேண்டும். கூரையை லேசாகப் போடுவார்கள், வெடித்தால் மேலே போகட்டும் என்று. வாசலின் அருமை இந்த ஊருக்குத் தெரியாததா? அப்படிப்பட்ட ஊரில்தான் இது நடந்தது.

கொத்தனார் வரிசை வரிசையாகக் கல் வைத்தார். முட்டளவு, இடுப்பளவு, தோள் அளவு. கடைசி வரிசைக்கு முன்னால் அந்தப் பக்கமிருந்து ஒரு கை வந்தது. சொர்ணக்காவின் கை. சீப்பு, ரிப்பன், பவுடர் டப்பா — எல்லாவற்றையும் ஒரு துணியில் முடிந்து நீட்டினாள். கொத்தனார் கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தார். இந்தப் பக்கம் சரோஜா எட்டி வாங்கிக்கொண்டாள்.

கொத்தனார் கடைசிக் கல்லை எடுத்து, “வச்சிரலாமா?” என்று கேட்டார்.

பிறகு தம்பியும் தன் பக்கம் சிமெண்ட் பூசினார். ஈரம் இப்போது இரண்டு பக்கமும் அடைபட்டது. சும்மா இருக்குமா? மேலே ஏறியது. இடுப்பு உயரத்தில் இருந்தது தலைக்கு மேல் போனது. அங்கே பூத்து, சிமெண்டையே பாளம் பாளமாகத் தள்ளிக் கீழே போட்டது. அவன் ஏணி வைத்துத் தண்ணீர் தெளிக்கிறான் என்று ஒருவர். உரலைச் சுவரோரம் போட்டு வேண்டுமென்றே இடிக்கிறார்கள் என்று மற்றவர். மறுபடியும் பூச்சு. மறுபடியும் சிமெண்ட். பர்மிட் வாங்க ஆபீஸ் வராந்தாவில் அண்ணனும் தம்பியும் முன்னும் பின்னுமாக நின்றிருக்கிறார்கள், முகம் பார்க்காமல்.

ஒரு விஷயம் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருந்தது. சுவர் முழுக்க வெள்ளை பூத்தாலும், வாசலை அடைத்த அந்த ஒரு இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. சுற்றிலும் உப்பு, நடுவில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வாசல் வாசலாகவே தெரிந்தது. சீர் கொண்டுபோகும்போதெல்லாம் நானும் பார்த்திருக்கிறேன். பார்க்கக் கஷ்டமாக இருக்கும். கண்ணைத் திருப்பிக்கொள்வேன். அந்தப் பழைய கல்லில் ஏதோ இருக்கிறது, புதுக் கல்லில் இல்லை என்று அந்தச் சுவர் படம் போட்டுக் காட்டியது. யார் பார்த்தோம்?

சரோஜாவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை ஏழாயிரம்பண்ணை.

நேரில் வந்து கூப்பிட வேண்டும் என்பது முறை. சின்ன அத்தான் பத்திரிகையை என் கையில் கொடுத்தனுப்பினார். பெரிய அத்தான் அதைத் தொடவில்லை.

“பக்கத்து வீடுதான மாப்ளே? நாலு எட்டு. அவன் கால்ல நடந்து வரட்டும். நான் மொத ஆளா வந்து பந்தல்ல நிக்கேன்.”

திரும்பிப் போய்ச் சொன்னேன்.

“நான் போனா, தண்ணி ஊத்துனது நாந்தான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். மாட்டேன்” என்றார் சின்ன அத்தான்.

தெருவில் மேளம் அடித்தது. சொர்ணக்கா கல்யாணத்துக்குப் போகவில்லை. அடைத்த வாசலுக்குப் பக்கத்தில் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். தவில் அடிக்க அடிக்கச் சுவர் அதிர்ந்து உப்புப் பொலபொலவென்று உதிர்ந்தது. தாலி கட்டி முடித்ததும் நான் ஒரு எட்டு வந்து பார்த்தேன். தலை, தோள், மடி எல்லாம் வெள்ளை.

“கெட்டி மேளம் கேட்டுச்சு. கட்டியாச்சாலே?” என்றாள்.

“கட்டியாச்சுக்கா.”

“பின்னல் யாரு போட்டா?”

எனக்கு அது தெரியவில்லை. விசாரிக்கவும் தோன்றியிருக்கவில்லை.

போன பொங்கலுக்குத்தான் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. அதுவும் எப்படி? அடுப்பு வெளிச்சத்தில்.

பொங்கல் சீர் கொண்டு போயிருந்தேன். சொர்ணக்கா வெள்ளை அடிக்கச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுரண்டியதைக் கூட்டி அள்ளி வழக்கமாகக் குப்பையில் போடுகிறவள், அன்றைக்கு என்னோடு பேசிக்கொண்டே பக்கத்தில் வெந்நீர் அடுப்பில் கொட்டிவிட்டாள்.

சுர்ர்ர்ர்!

கங்கு பளீரென்று வெள்ளையாக எரிந்தது. பொரி பொரியாகத் தெறித்தது.

இந்த ஊரில் பிறந்த யாருக்கும் அது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. சாதா உப்பு இப்படி எரியாது. அக்கா இன்னொரு பிடி அள்ளிப் போட்டாள். மறுபடியும் சுர்ர். அடைத்த வாசலைத் திரும்பிப் பார்த்தாள் — அந்தச் சுத்தமான இடத்தை. என்னைப் பார்த்தாள்.

“கிட்டங்கிக் கல்லு...” என்றாள்.

அடுத்த நிமிஷம் சுவரைக் கையால் அடித்துக் கத்தினாள். “ஏ பாக்கியம்! பாக்கியம்! உன் பக்கத்துச் சுவத்தச் சுரண்டி அடுப்புல போட்டுப் பாருடி!”

அத்தனை வருஷத்துக்குப் பிறகு தங்கையைக் கூப்பிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அந்தப் பக்கம் கரண்டியால் சுரண்டுகிற சத்தம். பிறகு — மெல்லிசாகச் சுவர் வழியாகக் கேட்டது — சுர்ர்.

“அக்கா...” என்று ஒரு குரல். அழுகையா, சிரிப்பா? எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் பெரிய அத்தான் வந்தார். அக்கா சொன்னாள். அவர் நம்பவில்லை. சுவரில் ஒரு இடத்தைச் சுரண்டினார். ஒரு பொட்டு எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

மூடியபடியே நின்றார். ஊரில் வந்து இறங்கும் லோடு எல்லாம் ருசி பார்த்த நாக்கு அது. சொந்த வீட்டுச் சுவரை மட்டும் ருசி பார்த்ததில்லை.

“ஏலே...” என்றார் சுவரைப் பார்த்து. “வெடியுப்புதாம்லே.”

அந்தப் பக்கம் சின்ன அத்தானும் நாக்கில் வைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார் போலிருக்கிறது. பதில் வந்தது.

“ஆமாண்ணே. ஜில்லுங்குது.”

சுவரை இடித்துவிட்டார்கள். அந்தக் கல்லை ஒருவருக்கும் விற்கக் கூடாது என்று பெரிய அத்தான் சொல்லிவிட்டார். பழைய கல்குவாரிப் பள்ளத்தில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்தே வண்டி பிடித்தார்கள். என் கடையைத் தாண்டித்தான் வண்டி போனது. இரண்டு பேரும் வண்டியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பேசவில்லை. சண்டை இல்லை, கோபம் இல்லை, சுவர் கூட இல்லை. பேச வேண்டியதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை போலிருக்கிறது.

அக்காமார் பரவாயில்லை. ஒருத்தி அரைக்க ஒருத்தி தாளிக்க என்று பழையபடி ஆகிவிட்டார்கள். ஆனால் சொர்ணக்காவுக்கு ஒரு ஆசை இருந்தது. தன் பக்கத்தில் ஒரு அறை கட்ட வேண்டும். சரோஜா வந்தால் தங்க.

“தம்பி, நல்ல கல்லாப் பாத்துக் குடுப்பா. நீயே தட்டிப் பாத்து எடு” என்றாள்.

ஒவ்வொன்றையும் எடுத்துத் தட்டினேன். ஊறப்போட்டுக் காயவைத்து, உப்புப் பூக்கிறதா என்று பார்த்தேன். ஆற்று மணலைக் கையில் கசக்கி, மண் ஒட்டாததாக எடுத்தேன். பூச்சுக்குச் சிமெண்ட் வேண்டாம், சுண்ணாம்பு போதும் என்று சொல்லி நானே நின்று தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்க வைத்தேன். சின்னதாக, கிழக்கே ஜன்னல் வைத்து, நல்ல அறை. மாடக்குழியில் சீப்பும் புது ரிப்பனும்கூட வாங்கி வைத்தாள் அக்கா. கல்யாணமான பெண் ரிப்பன் கட்டுவாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சித்திரையில் சரோஜா வந்தாள். இடுப்பில் பிள்ளை. அம்மா வீட்டில் இறங்கி, கொஞ்சம் கழித்து, சுவர் இருந்த இடத்தைத் தாண்டி வந்தாள். தாண்டும்போது அவளையறியாமல் காலைத் தூக்கி வைத்தாள்.

“நல்லா இருக்கீகளா பெரியம்மா?”

“வா தாயி... உக்காரு. பணியாரம் சுட்டு வச்சிருக்கேன். நீ கருப்பட்டி போட்டாத்தான் திம்பேன்னு...”

“சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன் பெரியம்மா.”

வேற்று வீட்டுக்குப் போனால் நாம் எல்லோரும் சொல்கிறதுதான். தப்பான வார்த்தை ஒன்றுமில்லை. மரியாதையான வார்த்தை.

பிள்ளையை வாங்க அக்கா கையை நீட்டினாள். பிள்ளை முகத்தைத் திருப்பி அம்மா தோளில் புதைத்துக்கொண்டது. “புது ஆளுகள்ட்ட போக மாட்டான்” என்றாள் சரோஜா, சங்கடமாகச் சிரித்து. அறையைப் பார்த்தாள். நல்லா இருக்கு, காத்து வருது என்றாள். பிறகு தூங்க அம்மா பக்கம் போய்விட்டாள். குற்றம் சொல்ல முடியுமா? அவள் வளர வேண்டிய வயதில் அந்த வாசல் அடைத்துக் கிடந்ததே!

செங்கல்லில் ஏறின உப்பை எடுக்க வழி இருக்கிறதா என்று சிலர் கேட்கிறார்கள். தண்ணீரில் திரும்பத் திரும்ப ஊறவைத்துக் காயவைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் என்பார்கள். முழுசாகப் போகுமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாள் பிடிக்கிற வேலை. சரோஜா வருகிற ஒவ்வொரு தடவையும் அக்கா இன்னும் கருப்பட்டிப் பணியாரம் சுட்டு வைக்கிறாள்.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த அறைக்குள் போய் விரல் மடக்கிச் சுவரில் தட்டிப் பார்த்தேன், தொழில் பழக்கம். ஒரு பொட்டு உப்பு பூக்கவில்லை. சத்தம் கிண்ணென்று வந்தது.

ஆள் இல்லாத அறையில் அது இன்னும் நன்றாகவே கேட்கிறது.